கேம் உருவாக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்? முதலில் ராம், அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு

கேம் டெவலப்மென்ட் கற்றுக்கொள்ளப் போகிறேன், எந்தக் கம்ப்யூட்டர் வாங்கட்டும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பதில் ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெயராகத்தான் வரும். விளையாடுவதற்கு மட்டும் வாங்குபவருக்கு அது சரியான பதில்தான், ஏனென்றால் செய்து முடித்த ஒரு கேமைத் திரையில் ஓட்டும்போது சுமையில் பெரும்பகுதி கார்டின் தலையில் விழுகிறது. உருவாக்குபவரின் நாள் அப்படிப் போவதில்லை. ஷேடர் (பொருள்கள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்) கம்பைல் ஆகும்வரை உட்கார்ந்திருப்பது, கோடில் ஒரு வரி மாற்றிவிட்டு எடிட்டர் மூச்சு விடும்வரை பார்த்துக்கொண்டிருப்பது, டெக்ஸ்சர்களை (மேற்பரப்புகளில் ஒட்டும் படங்களை) இம்போர்ட் செய்வது, போனில் ஓடும் ஃபைலாக மாற்ற பில்டு போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவது என்று பாதி நாள் காத்திருப்பதிலேயே கழியும், இந்தக் காத்திருப்புகளில் பெரும்பாலானவற்றைக் குறைக்க வேண்டியது பிராசசரும் ராமும் எஸ்எஸ்டியும்தான்.

அதனால் காசை எங்கே போடுவது என்பதை, எதற்காக அதிக நேரம் காத்திருக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கார்டு முக்கியமில்லை என்று சொல்லவில்லை, அதன் முறை அப்புறம் வரும்.

எந்த எஞ்சின், எந்த மாதிரி கேம்

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகவே கூடாது. எஞ்சின் என்பது கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருள். கோடாட், யூனிட்டி, அன்ரியல் மூன்றுக்கும் ஒரே இயந்திரத்தைச் சிபாரிசு செய்கிறவர் மூன்றையும் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

கோடாட் எடிட்டர் 200 எம்பிக்குள் அடங்கிவிடும், இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், ஜிப்பைப் பிரித்து டபுள் கிளிக் செய்தால் திறந்துகொள்ளும். புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (காட்சியைத் திரையில் வரையும் பகுதி) கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓபன்ஜிஎல் 3.3 என்ற பழைய கிராபிக்ஸ் தரமே போதும், அதாவது தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத 8 ஜிபி ராம் லேப்டாப்பில் 2டி கேமைத் தொடக்கத்திலிருந்து வெளியீடு வரை செய்து முடிக்கலாம். வீட்டில் அப்படி ஒரு லேப்டாப் இருந்தால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். அதில் ஒரு சின்ன கேமை முடியுங்கள். முடித்த பிறகு எந்த இடத்தில் இயந்திரம் தடுத்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அப்போது வாங்குவது வீண் போகாது.

யூனிட்டி நடுவில் நிற்கிறது. 2டி, எளிய 3டி, ஆண்ட்ராய்டு கேம் என்றால் 6 கோர் பிராசசரும் 16 ஜிபி ராமும் 4 ஜிபி கார்டும் போதும். இங்கே நேரத்தைத் தின்பது இரண்டு விஷயங்கள். ஸ்கிரிப்ட்டைச் சேவ் செய்துவிட்டு எடிட்டருக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ரீலோடிங் டொமைன் என்று ஒரு பட்டை ஓடும், ப்ராஜெக்ட் பெரிதாகப் பெரிதாக அது நீண்டுகொண்டே போகும், அந்த வேலை எல்லா கோர்களிலும் பிரிந்து நடப்பதில்லை, ஆகவே ஒரு தனி கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் அங்கே கணக்கு. இன்னொன்று ஐஎல்2சிபிபி பில்டு, சி ஷார்ப் கோடை சி++ ஆக மாற்றி அதை மறுபடி கம்பைல் செய்கிற வேலை, இதற்கு எத்தனை கோர் இருந்தாலும் பயன்படும்.

அன்ரியல் 5 வேறு உலகம். அதைத் தயாரிக்கும் எபிக் நிறுவனம் தன் ஆவணத்தில் பரிந்துரைப்பதே 32 ஜிபி ராமும் 8 ஜிபி விராமும்தான் (விராம் என்பது கிராபிக்ஸ் கார்டிலேயே உள்ள மெமரி). அதே ஆவணத்தில் எபிக்கின் சொந்த டெவலப்பர்கள் பயன்படுத்தும் இயந்திரம் எது என்றும் போட்டிருக்கிறார்கள், 32 கோர் உள்ள ஏஎம்டி த்ரெட்ரிப்பர் பிராசசர், 128 ஜிபி ராம். அதைப் பார்த்து மனசு தளர வேண்டாம், நாம் யாரும் முழு எஞ்சினையும் தினம் கம்பைல் செய்வதில்லை. ஆனால் 16 ஜிபி லேப்டாப்பில் அன்ரியல் "ஓடுகிறது" என்று வீடியோவில் காட்டுவதை நம்பி வாங்கிவிடாதீர்கள். காலியான லெவல் எந்த இயந்திரத்திலும் ஓடும்.

ஐபோனுக்கு கேம் செய்யப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் எதுவானாலும் கடைசிக் கட்டத்துக்கு மேக் வேண்டும், ஐபோனுக்கு பில்டு போடும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது.

ராம்

நான் ஒரே ஒரு அறிவுரைதான் தரலாம் என்றால் இதைத்தான் தருவேன்: கார்டில் ஒரு படி இறங்கியாவது ராமை 32 ஜிபி ஆக்குங்கள்.

வேலை செய்யும்போது என்னென்ன திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் எடிட்டர், கோடு எழுத விஷுவல் ஸ்டுடியோ அல்லது ரைடர், 3டி மாடல் செய்ய பிளெண்டர், டெக்ஸ்சருக்கு ஒரு மென்பொருள், இருபது டேபுடன் பிரவுசர், அதில் ஒரு டேபில் டுடோரியல் வீடியோ. இத்தனையும் சேர்ந்து 16 ஜிபியை நிரப்பிவிடும். நிரம்பியதும் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை ராம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அங்கேதான் எல்லாம் மெதுவாகிறது, நீங்களோ பிராசசரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அன்ரியலில் சி++ எழுதுபவர்களுக்கு இன்னும் நேரடியான கணக்கு உண்டு. அன்ரியலின் பில்டு டூல் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல்களைக் கம்பைல் செய்யலாம் என்று முடிவெடுக்கும்போது கோர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வேலைக்கும் சுமார் 1.5 ஜிபி ராம் என்று ஒதுக்கிப் பார்க்கிறது. உங்களிடம் 16 கோர் பிராசசர் இருக்கிறது, ராம் 16 ஜிபி, அதில் விண்டோஸும் எடிட்டரும் பிரவுசரும் போக மிச்சம் 6 ஜிபி என்று வையுங்கள். 16 வேலை போக வேண்டிய இடத்தில் 4 வேலைதான் ஒன்றாகப் போகும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய மற்ற கோர்கள் அதுவரை சும்மா இருக்கும். ராம் இன்னும் இறுகினால் விஷுவல் ஸ்டுடியோ சி1060, சி3859 என்ற எண்களில் பிழை காட்டும், புதிதாக வருபவர்கள் அதைத் தன் கோடில் உள்ள தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். கோடில் ஒன்றும் இருக்காது, கம்பைலருக்கு மெமரி பற்றவில்லை என்பதுதான் அந்தப் பிழைகளின் பொருள்.

வாங்கும்போது இரண்டு 16 ஆக வாங்குங்கள். ஒரே குச்சியாகப் போட்டால் மெமரி ஒரு சேனலில்தான் ஓடும், குறிப்பாகத் தனி கார்டு இல்லாத இயந்திரத்தில் கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே அடிபடும். நான்கு 8 ஆகவும் வாங்க வேண்டாம், டிடிஆர்5 போர்டுகளில் நான்கு இடத்தையும் நிரப்பினால் ராமின் வேகம் பெட்டியில் எழுதியதைவிடக் கீழே இறங்கிவிடும். 2025-இன் கடைசி மாதங்களில் இருந்து ராம் விலை ஏறிவிட்டது, அதனால் 32 ஜிபி இப்போது எட்டாமல் போனால் ஒரு 16 மட்டும் போட்டு அதே மாடல் இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். அதற்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிராசசர்: பெயரில் உள்ள கடைசி எழுத்து

"ஐ5 இருந்தால் போதுமா, ஐ7 வேண்டுமா" என்ற கேள்விக்கு இன்று பதிலே கிடையாது. ஐ5-1335யு என்பதில் வேகமான கோர்கள் 2, சிறியவை 8. ஐ5-13500எச் என்பதில் வேகமான கோர்கள் 4, சிறியவை 8, மின்சாரம் எடுத்துக்கொள்ளும் அளவும் மூன்று மடங்குக்குக் கிட்டத்தட்ட. இரண்டுமே ஐ5, இரண்டுமே 13-ஆம் தலைமுறை, லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒன்றுதான். ஷேடர் கம்பைல் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கடைசியில் யு வந்தால் பேட்டரி சேமிப்பதற்காகச் செய்தது, எச், எச்எக்ஸ் வந்தால் நமக்கானது. புதிய கோர் அல்ட்ரா பெயர்களிலும் இதே எழுத்தைத்தான் தேட வேண்டும்.

ஏஎம்டி லேப்டாப்பில் வேறொரு பொறி. ரைசன் 5 7520யு என்று பார்த்தால் 7000 வரிசை, புதிது என்று தோன்றும். உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நாலே கோர். அந்த 7000 லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கம் வந்த வருஷத்தைத்தான் சொல்கிறது. இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் தள்ளுபடி விற்பனைகளில் ஏமாற மாட்டீர்கள்.

டெஸ்க்டாப் என்றால் இத்தனை குழப்பம் இல்லை. ஐ5-12400எஃப், ரைசன் 5 5600, ரைசன் 5 7600, எல்லாமே 6 கோர் 12 த்ரெட், கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவருக்குத் தாராளம். கொஞ்சம் கூடுதல் காசு இருந்து பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இருந்தால் 7600 பக்கம் போவேன், அது போர்டில் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் உள்ள இன்டெல் பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு பழுதானால் திரையே வராது, இதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எக்ஸ்3டி என்று முடியும் ரைசன்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேம் விளையாடுபவர்கள் 7800எக்ஸ்3டி-யைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டிய சிப்தான், சிப்புக்குள்ளேயே உள்ள கூடுதல் கேஷ் மெமரி கேமை வேகமாக ஓட்டும். ஆனால் அது 8 கோர். கம்பைல் வேலைக்கு 12 கோர் உள்ள ரைசன் 9 7900 முந்தும்.

பழைய இன்டெல் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 சிப்களில் சில, மின்னழுத்தக் கோளாறால் நாளடைவில் நிலைகுலைந்தன. அன்ரியலில் செய்த கேம்கள் ஷேடர் கம்பைல் ஆகும்போது விராம் போதவில்லை என்று பொய்யான பிழை காட்டி மூடிக்கொள்வது இதன் பிரபலமான அறிகுறி. இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தங்களைத் தந்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்தத் திருத்தமும் சரியாக்காது. யாரோ பயன்படுத்திய 13900கே குறைந்த விலைக்கு வருகிறது என்றால் ஏன் வருகிறது என்று கேளுங்கள்.

இப்போது கார்டு

கார்டில் முதலில் பார்க்க வேண்டியது விராம் எத்தனை ஜிபி என்பது. விளையாடும்போது கேம் தயாரித்தவர்கள் ஏற்கெனவே சுருக்கிக் கச்சிதமாக்கிய டெக்ஸ்சர்கள்தான் கார்டுக்குள் போகின்றன. நீங்கள் செய்யும்போது எதையும் இன்னும் சுருக்கியிருக்க மாட்டீர்கள். ஆன்லைன் அசெட் மார்க்கெட்டிலிருந்து இறக்கிய 4கே டெக்ஸ்சர்கள் அப்படியே கிடக்கும், எடிட்டரும் பிளெண்டரும் இரண்டு மானிட்டரும் அதே விராமைப் பங்கு போட்டுக்கொள்ளும். டெக்ஸ்சர்களுக்கு ஒதுக்கிய விராம் தீர்ந்தால் அன்ரியல் திரையின் மூலையில் டெக்ஸ்சர் ஸ்ட்ரீமிங் பூல் ஓவர் பட்ஜெட் என்று சிவப்பில் எழுதும், மேற்பரப்புகள் குழைந்த களிமண் மாதிரி மங்கலாகும், இன்னும் போனால் எடிட்டரே விழும். யூனிட்டியில் லைட் பேக் (ஒளியையும் நிழலையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது) செய்யும்போது விராம் போதாவிட்டால் வேலை பிராசசருக்கு மாறிவிடலாம், அப்போது நிமிடங்களில் முடிய வேண்டியது இழுத்துக்கொண்டே போகும்.

இதனால்தான் 12 ஜிபி உள்ள பழைய டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 3060 இன்னும் டெவலப்பர்களுக்கு நல்ல கார்டு. 8 ஜிபி உள்ள 4060 விளையாட்டில் அதை முந்தும், கனமான லெவலைத் திறந்து வைத்து வேலை செய்வதற்கு 3060 நிம்மதி. 3060-லேயே 8 ஜிபி வகை ஒன்றும் இருக்கிறது, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். காசு இருந்தால் 4060டிஐ, 5060டிஐ இரண்டிலும் 16 ஜிபி வகை உண்டு. இன்டெல் ஆர்க் பி580-இலும் 12 ஜிபி இருக்கிறது. பிளெண்டர் சைக்கிள்ஸில் ரெண்டர் போடுகிறவராக இருந்தால் ரெண்டரை வேகமாக்கும் ஆப்டிக்ஸ் ஆதரவுக்காக என்விடியாவே நல்லது.

4 ஜிபி கார்டு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அன்ரியலைக் கைவிட வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைனமிக் குளோபல் இல்லுமினேஷனை நன் என்று வைத்து லூமன் என்ற கனமான ஒளியமைப்பு வசதியை அணையுங்கள், விர்ச்சுவல் ஷேடோ மேப்புக்குப் பதில் சாதாரண ஷேடோ மேப் போடுங்கள், வியூபோர்ட் ஸ்கேலபிலிட்டியை மீடியத்துக்கு இறக்குங்கள். போனுக்கு கேம் செய்பவருக்கு லூமன் எப்படியும் தேவைப்படாது.

எஸ்எஸ்டி

என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை), 1 டிபி. 512 ஜிபியில் அன்ரியலோடு குடித்தனம் நடத்த முடியாது. எஞ்சின் மட்டுமே பல பத்து ஜிபி, டிரைவ்ட் டேட்டா கேஷ் என்று ஒரு ஃபோல்டர் சி டிரைவில் யாருக்கும் தெரியாமல் வளரும், ஒவ்வொரு யூனிட்டி ப்ராஜெக்ட்டுக்குள்ளும் லைப்ரரி என்று ஒன்று அதே வேலையைச் செய்யும். அன்ரியல் இன்ஸ்டால் செய்யும்போது ஆப்ஷன்ஸில் போய் எடிட்டர் டீபக் சிம்பல்ஸ், தேவையில்லாத பிளாட்பாரங்கள் இரண்டும் தேர்வாகாமல் பார்த்துக்கொண்டால் நிறைய இடம் மிஞ்சும்.

எஸ்எஸ்டி பிசிஐஇ 3-ஆம் தலைமுறையா, 4-ஆம் தலைமுறையா என்று அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம், எடிட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதுதான் உண்மையான தாவல். மிகக் குறைந்த விலை கியூஎல்சி டிரைவ்களை மட்டும் தவிர்க்கலாம், பெரிய ப்ராஜெக்ட்டை ஒரே மூச்சில் எழுதும்போது கேஷ் நிரம்பி வேகம் படுத்துவிடும்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா

வீட்டிலேயே உட்கார்ந்து செய்பவர் என்றால் டெஸ்க்டாப், யோசிக்கவே வேண்டாம். ஹாஸ்டலில் இருக்கிறீர்கள், கல்லூரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றால் லேப்டாப்தான் வழி, அப்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ராம் போர்டோடு ஒட்டியதா, கழற்றிப் போடும் வகையா? எல்பிடிடிஆர்5 என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஒட்டியதுதான், அப்படியானால் வாங்கிய நாளில் இருந்த அளவுதான் கடைசி வரை. அப்புறம் கார்டின் வாட். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் போடலாம் என்று என்விடியாவே அனுமதித்திருக்கிறது, ஒரே பெயரில் இரண்டு லேப்டாப், வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விற்பனைப் பக்கத்தில் டிஜிபி என்ற எண்ணை (கார்டின் வாட் அளவு) தேடுங்கள், அது இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் இருக்கும். லேப்டாப் 4070-ஐயும் டெஸ்க்டாப் 4070-ஐயும் ஒன்றென்று நினைக்க வேண்டாம், சிப்பே வேறு, விராமும் 12-க்குப் பதில் 8. மூன்றாவது சூடு. அரை மணி நேரம் தொடர்ந்து கம்பைல் ஓடினால் வேகம் எவ்வளவு குறைகிறது என்று சோதித்துக் காட்டும் விமர்சனத்தைத் தேடிப் பாருங்கள், மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது இன்னும் மோசமாகத்தான் இருக்கும். மெல்லிய லேப்டாப் அழகாக இருக்கும், அதை வேறு வேலைக்கு வாங்குங்கள்.

கடையில்

சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் யூனிட்டி பிளாசா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர், எங்கே போனாலும் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

"கேமிங் பிசியா தம்பி? ஐ7, 16 ஜிபி, 4060, ஆர்ஜிபி கேபினட், எல்லாம் சேர்த்து நல்ல ரேட் போட்டுத் தர்றேன்."

"அண்ணே, எனக்கு கேம் டெவலப்மென்ட்டுக்கு. ஐ7 வேண்டாம், ரைசன் 5 7600 போதும். ராம் ரெண்டு 16 போடுங்க. எஸ்எஸ்டி 1 டிபி. கேபினட் முன்பக்கம் வலை இருக்கணும், லைட் எரியாட்டியும் பரவாயில்ல."

இவ்வளவு சொன்னால் போதும், நீங்கள் தெரிந்துகொண்டு வந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும், அதன் பிறகு பேரம் நியாயமாகவே போகும். ஆனால் கொட்டேஷனை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். "1 டிபி எஸ்எஸ்டி", "650 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று கம்பெனி பெயர் இல்லாமல் எழுதியிருந்தால் பெயரையும் மாடலையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் போடாத இடத்தில்தான் விலை குறைகிறது, முக்கியமாக எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையில். அது கெட்டால் தனியாகக் கெடாமல் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம், 80 பிளஸ் சான்று உள்ள, வாரண்டி நீண்ட ஒன்றை வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். இந்தியாவில் ஜிஎஸ்டி பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மூன்று வருஷ வாரண்டிக்கு ஆதாரம் அந்தத் தாள்தான்.

யூபிஎஸ்ஸையும் பட்ஜெட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கார்டும் பிராசசரும் முழு மூச்சில் ஓடும்போது மின்சாரம் போனால் அது தாக்குப்பிடிக்காது. 1000 அல்லது 1100 விஏ வாங்கினால் சேவ் செய்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். இம்போர்ட் நடுவில் கரண்ட் போய் ப்ராஜெக்ட் ஃபைல் பாழாவது நம் ஊரில் நடக்கக்கூடியதுதான், அதனால் யூபிஎஸ் இருந்தாலும் கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு சேமிக்கும் மென்பொருள்) போட்டு வேலையைச் சேமித்து வையுங்கள்.

பழைய வொர்க்ஸ்டேஷன்கள் மலிவாகக் கிடைக்கும், ஜியான் இ5 பிராசசர், கோர் ஏராளம், பார்க்க ஆசையாக இருக்கும். தனி கோர் வேகம் குறைவு என்பதால் எடிட்டர் மந்தமாகவே இருக்கும், எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தக் கம்பெனிக்கென்றே செய்தவை என்பதால் மாற்றுவது கஷ்டம், அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11-ம் ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழையதுதான் வாங்க முடியும் என்றால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு, ரைசன் 2000 வரிசைக்குக் கீழே போகாதீர்கள்.

போனுக்கு கேம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு வைத்த காசில் கொஞ்சத்தை ஒதுக்கி, 4 ஜிபி ராம் உள்ள ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனைப் பழையதாகவாவது வாங்குங்கள். உங்கள் கேமை விளையாடப் போகிறவர்களில் பலர் கையில் அந்த மாதிரிப் போன்தான் இருக்கும், உங்கள் மேசையில் பாய்ந்து ஓடும் கேம் அதில் எப்படித் திணறுகிறது என்று வாரா வாரம் பார்ப்பது எந்தக் கார்டும் கற்றுத்தராத பாடம். கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்துக்குச் செய்பவர்கள் ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் ஹார்டுவேர் சர்வேயைப் பாருங்கள், மக்கள் என்ன கார்டு வைத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்து, எதை மாற்றுவது என்று தெரியவில்லை என்றால் யாரையும் கேட்க வேண்டாம், டாஸ்க் மேனேஜரைக் கேளுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து, எது அதிகம் காக்க வைக்கிறதோ அந்த வேலையை ஓடவிட்டு, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். மெமரியில் கமிட்டெட் என்ற எண் உங்கள் ராமைத் தாண்டிப் போகிறதா, ராம் சேருங்கள். பிராசசர் எல்லாக் கட்டத்திலும் 100-இல் நிற்கிறதா, கோர் போதவில்லை. டெடிகேட்டட் ஜிபியூ மெமரி நிரம்பியிருக்கிறதா, விராம் போதவில்லை. டிஸ்க் 100-இல் நின்று மற்றதெல்லாம் ஓய்வெடுக்கிறதா, எஸ்எஸ்டி. எதுவுமே நிரம்பாமல் மெதுவாக இருந்தால் ஒரே கோரில் ஓடும் வேலை, அதற்குப் புதுத் தலைமுறை பிராசசர்தான் மருந்து. இல்லையென்றால் யூனிட்டியில் ப்ளே அழுத்தும்போது நடக்கும் டொமைன் ரீலோடை அணைப்பது மாதிரி காசே செலவாகாத வழி ஏதாவது இருக்கும்.

வாங்கி வந்த அன்று

மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பின்னால் குனிந்து பாருங்கள், போர்டில் செருகினால் கார்டு வாங்கியதற்கே பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்கள், 6000 என்று வாங்கிய ராம் 4800-இல் ஓடிக்கொண்டிருந்தால் பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்ய வேண்டும், கடையில் பெரும்பாலும் இதைச் செய்து தருவதில்லை. ஆன் செய்ததும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ராமில் சிறு பழுது இருந்தால் சாதாரண உபயோகத்தில் தெரியாது, பெரிய கம்பைல் நடுவில் காரணமே இல்லாமல் இன்டர்னல் கம்பைலர் எரர் என்று வந்து நிற்கும், அதற்குள் மாற்றித் தரும் நாள் தாண்டியிருக்கும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் டெவ் டிரைவ் என்று ஒன்று இருக்கிறது, குறைந்தது 50 ஜிபி கேட்கும். ப்ராஜெக்ட்களையும் டிரைவ்ட் டேட்டா கேஷையும் அங்கே வைத்தால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை விண்டோஸின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாக வழிமறித்துச் சோதிப்பது குறையும். அது முடிந்ததும் அன்ரியலின் மாதிரி ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, கீழே வலது மூலையில் கம்பைலிங் ஷேடர்ஸ் என்று ஓடும் எண் ஆயிரங்களிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள், அப்போது பிராசசர் சூடு எத்தனை டிகிரி என்பதையும். ஆறு மாதம் கழித்து இயந்திரம் மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட இந்த இரண்டு எண்களும் உதவும், பல நேரம் ஃபேனில் சேர்ந்த தூசியைத் தட்டினாலே பழைய எண் திரும்பிவிடும்.